தீர்ந்து போகாத கேஸ்

வீட்டில் எந்தச் சாமான் ரிப்பேர் ஆனாலும் சமயம் பார்த்துத்தான் ஆகும். மிக்ஸி தீபாவளிக்கு முதல் நாள் மக்கர் செய்யும். கிரைண்டர், விருந்தாளி வரும் அன்று சுற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஏ.ஸி.யோ கத்திரி வெயிலுக்கென்றே காத்திருக்கும்! குளிர்காற்று வர வேண்டிய இடத்திலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தால் எப்படி இருக்கும்? அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஏ.ஸி. எல்லாம் பணக்காரர்கள் சமாசாரம். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எதற்கு?" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. எங்கள் சிட்லபாக்கத்தில் ஏதாவது ஒரு தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு பால்கனியிலோ சன்ஷேடிலோ ஒரு வெள்ளைப் பெட்டி உட்கார்ந்திருக்கும். வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கும் வீட்டில் ஏ.ஸி. ஆடம்பரம் இல்லை, மருந்துப் பெட்டிக்கு அடுத்த ஸ்தானம் அதற்கு.

எங்கள் வீட்டு விஷயம் அப்படித்தான். என் மாமியாருக்கு 78 வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இருதயம் பலவீனம். உடம்பில் நீர் தங்காமல் இருக்க தினமும் மாத்திரை உண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர், மோர், காப்பி எல்லாம் சேர்த்துக்கூடப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வெயில் வந்ததும் பேப்பரிலும் டி.வி.யிலும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்கிறார்களே, அது நமக்குச் சரி. அத்தைக்குப் பொருந்தாது. குடித்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். குடிக்காமல் வியர்த்துக் கொட்டினால் தலை சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிற்றின் மேல் நடக்கிற மாதிரிதான் அவருக்குக் கோடை. ஆகவே அறையைக் குளுமையாக வைத்திருப்பது தவிர வேறு வழி கிடையாது.

அதிலும் எங்கள் வீடு முதல் மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதைக் கீழே இறக்கிக் கொண்டிருக்கும். பட்டணத்தில் கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு மத்தியானமே கடல்காற்று வந்துவிடும். தாம்பரம் பக்கம் வந்து சேர அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் சாயந்திரம்வரை வராமலும் போகும். 2003 மே 31-ம் தேதி சென்னையில் 45 டிகிரி பதிவானது. அன்றைய வெயிலைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் கடைசி வாரம். கத்திரி பிறக்கவே இன்னும் சில நாள் இருந்தது. ஒரு ராத்திரி அத்தை, "ஏம்மா, இது ஃபேன் மாதிரிதானே காத்து வருது?" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். சத்தம் இருந்தது, காற்று இருந்தது, குளிர்ச்சிதான் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் நாமே பார்க்க வேண்டிய நாலு விஷயங்கள் உண்டு. காசு செலவில்லாதவை. வரிசையாகப் பார்த்தேன்.

முதலில் ரிமோட். குழந்தைகள் கை பட்டு 'கூல்' என்பது 'ஃபேன்' என்றோ 'டிரை' என்றோ மாறியிருந்தால் குளிராது. பனிக்கட்டி மாதிரி ஒரு சின்னப் படம் இருக்க வேண்டும், இருந்தது. இரண்டாவது ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி வரும். அதில் தூசி கம்பளி மாதிரி படிந்தால் காற்று உள்ளே போகாது. உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ்கூடக் கட்டிவிடும். நான் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்திப் போடுகிறேன். அதனால் அதுவும் சுத்தம். மூன்றாவது வோல்டேஜ். சாயந்திரம் தெருவே ஏ.ஸி.யைப் போடும்போது வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரஸர் ஓடாமல் உள் ஃபேன் மட்டும் சுற்றும். ஸ்டெபிலைசரில் 218 காட்டியது. குறையில்லை.

நாலாவது பால்கனியில் இருக்கும் வெளிப்பெட்டி. அதன் முதுகில் பேப்பரோ துணியோ ஒட்டியிருக்கிறதா, அணில் கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சாதாரணமாக அந்தப் பெட்டியின் முன்னால் நின்றால் அனல் அடிக்கும், கொடியில் போட்ட புடவை அரை மணியில் காய்ந்துவிடும். அன்றைக்கு அந்தக் காற்றிலும் சூடு இல்லை. உள்ளே குளிர் இல்லை, வெளியே அனலும் இல்லை!

இது ஏன் முக்கியம் என்றால், ஏ.ஸி. குளிரை உற்பத்தி பண்ணுவதில்லை. அறையில் இருக்கும் சூட்டை வாரிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் எப்படி ஜில்லென்று இருக்கிறது? மேலே கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.ஸி.யிலும் அதே கதை. குழாய்க்குள் இருக்கும் திரவம் அறைக்குள் வந்து ஆவியாகி சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பெட்டிக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பானைத் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். இது போகாது, மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாம் 'கேஸ்' என்ற உடனே சமையலறை சிலிண்டரை நினைத்துக்கொள்கிறோம். எரிய எரியத் தீரும், தீர்ந்ததும் புக் பண்ண வேண்டும். ஏ.ஸி. கேஸ் அப்படி எரிகிற வஸ்து இல்லை. தேய்மானமும் கிடையாது. வாங்கிய அன்று 700 கிராம் இருந்தால் பத்து வருஷம் கழித்தும் அதே 700 கிராம்தான் இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். "கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், "எது வழியா போச்சு?" என்று கேட்பது நம் உரிமை.

முதல் தடவை ஒரு கடையிலிருந்து இளம் பிள்ளை ஒருவர் வந்தார். பத்து நிமிஷத்தில், "கேஸ் இல்ல மேடம்" என்றார்.

"எது வழியா போச்சு தம்பி?"

"அஞ்சு வருஷ மெஷின் மேடம். அது அப்படித்தான் குறையும்."

2,800 ரூபாய். அன்று ராத்திரி அறை ஜம்மென்று குளிர்ந்தது. அத்தை போர்வை கேட்டார். என் கணவர், "பார்த்தாயா, நீ வீணாகக் கவலைப்பட்டாய்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் தெரியாமல் தீர்ந்த வியாதி திரும்பி வரும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியாதா?

பெண்ணின் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். 150 ரூபாய்க்கு ஒரு ரூம் தெர்மாமீட்டர் வாங்கினேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏ.ஸி. போட்டு இருபது நிமிஷம் கழித்து, காற்றை உறிஞ்சும் மேல் பக்கத்தில் ஒரு தடவை, காற்று வெளியே வரும் வாயில் ஒரு தடவை வைத்துப் பார்த்து எழுதினேன். நன்றாக வேலை செய்யும் ஏ.ஸி.யில் இந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். கேஸ் போட்ட அன்று 11 இருந்தது. மூன்றாம் நாள் 10. ஐந்தாம் நாள் 8. ஏழாம் நாள் 6. அன்று வெளிப்பெட்டியில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெண்பனி மாதிரி படிந்திருந்தது. ஒன்பதாம் நாள் 3.

"உனக்கு எதற்கு இந்த வேலை? மெக்கானிக் பார்த்துக்கொள்ள மாட்டானா?" என்று இவர் சிரித்தார். ஆனால் அந்தக் கணக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. திடீரென்று ஒரு நாள் குளிர் நின்றால் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம்: கெபாசிட்டர், போர்டு, சென்ஸார் இப்படி. படிப்படியாகக் குறைந்தால் ஒழுக்கு என்பதற்குத்தான் முதல் இடம். குடத்தில் கீறல் இருந்தால் எப்படி இறங்குமோ அப்படி இறங்கியிருந்தது என் நோட்டில்.

இரண்டாம் தடவையும் அதே கடையிலிருந்து வேறு ஒருவர் வந்தார். நோட்டைக் காட்டினேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்று சொல்லி, மறுபடி கேஸ், மறுபடி 2,800. இந்தத் தடவை பில்லில் 'கேஸ் சார்ஜிங்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தேன். எட்டே நாளில் மறுபடியும் வெந்நீர்க் காற்று.

அதற்குள் கத்திரி நடு உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு நாள் சாயந்திரம் நாலரை மணிக்குக் காப்பி கொண்டு போனேன். அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "வாசல்ல யாரு? அப்பா வந்தாச்சா?" என்று கேட்டார். அவருடைய அப்பா காலமாகி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. எனக்குக் கை கால் உதறிவிட்டது. நெற்றியைத் தொட்டேன். வேர்வை கசகசத்தது, நாக்கு உலர்ந்திருந்தது. உடனே அவரைக் கைத்தாங்கலாகக் கீழ் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தரைத்தளம் ஆனதால் அங்கே கொஞ்சம் தணிவாக இருக்கும். கழுத்து, அக்குள், கை, கால் எல்லாம் ஈரத்துணியால் ஒற்றி, ஃபேன் அடியில் உட்கார வைத்து, டாக்டருக்குப் போன் செய்தேன். ஆட்டோவில் அழைத்துப் போனோம். பி.பி. இறங்கியிருந்தது. நல்லவேளையாக ஜுரம் ஏறவில்லை, அரை மணியில் தெளிந்து, "என்னை எதுக்குடி இங்கே கூட்டிண்டு வந்தே?" என்று என்னையே கேட்டார்!

டாக்டர் மாத்திரை அளவைச் சில நாளைக்குக் குறைத்து எழுதினார். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதச் சொன்னார். "அறையை 26, 27 டிகிரியில வைத்தாலே போதும்மா. ஐஸ் மாதிரி வேண்டாம். ஆனா இன்னொரு தடவை இப்படி ஆக விடாதீங்க" என்றார்.

இங்கே ஒரு வார்த்தை. வெயில் நாளில் வயதானவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும் வரை ஈரத்துணி, காற்று என்று உடம்பைக் குளிர்விக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். இன்னொன்று: அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேனை மட்டும் நம்பக் கூடாது. அது சுடுகாற்றைத்தான் மேலே அடிக்கும்.

அன்று ராத்திரி இவர், "போதும். மாசத் தவணையில் புது ஏ.ஸி. வாங்கிவிடலாம்" என்றார். ஜூனில் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அதற்காக எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். "இரண்டு நாள் கொடுங்கள்" என்று கேட்டேன். அந்த இரண்டு நாளும் அத்தை கீழ் வீட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொண்டார். அந்த வீட்டு மாமி செய்த உபகாரத்தை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

மறுநாள் கடையிலிருந்து மூன்றாவது ஆள் வந்து, காயிலே போய்விட்டது என்றார். "இது ஏரிப் பக்கம் மேடம். சாக்கடைக் காத்து செம்பை அரிச்சுடும். காயில் மாத்த 14,000 ஆகும்." அவர் சொன்ன காரணத்தில் பொய் இல்லை. கழிவுநீர் தேங்கும் இடத்தில் அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுப்பதும் இதே குடும்பத்துக் காரியம்தான். எங்கள் சிட்லபாக்கம் ஏரியில் வருஷக்கணக்கில் கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பேரில்தான் சீரமைப்பு வேலையே நடந்தது. ஏரி ஓரம், கால்வாய் ஓரம், கடலோரம் இருப்பவர்களுக்குக் காயில் சீக்கிரம் போவதும் உண்டு.

ஆனால் ஊருக்கெல்லாம் வரும் வியாதி என்பதற்காக, பரிசோதனை பண்ணாமல் நமக்கும் அதுதான் என்று ஆபரேஷன் செய்யலாமா? "காயில்ல எந்த இடத்துல ஒழுகுதுன்னு காட்டுங்க தம்பி, மாத்திடலாம்" என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு பால்கனியைத் துடைக்கப் போனேன். பக்கத்தில் போய் வெளிப்பெட்டியை நன்றாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் நட் போட்டுச் சேரும். தடிமனான குழாயின் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் தூசி அப்பியிருந்தது. மெல்லிய குழாயின் நட் காய்ந்து சுத்தமாக இருந்தது. இருபத்து மூன்று வருஷமாகச் சமையலறையில் பிசுக்கு தேய்க்கிற கை இது! சமையல் புகைப் பிசுக்காக இருந்தால் பெட்டி முழுக்கப் படிய வேண்டாமோ? அடுப்பு வீட்டின் அந்தக் கோடியில், பால்கனி இந்தக் கோடியில். ஒரே ஒரு நட்டில் மட்டும் எண்ணெய் எப்படி வரும்?

காரணம் இதுதான்: கம்ப்ரஸருக்கு உயவு வேண்டும் என்று உள்ளே எண்ணெய் இருக்கும். கேஸோடு சேர்ந்து கொஞ்சம் எண்ணெயும் குழாயில் சுற்றும். கேஸ் கசியும் இடத்தில் கேஸ் காற்றில் போய்விட, எண்ணெய் மட்டும் தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும்படி போடும் கையெழுத்து அது.

மெயினை அணைத்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் இரண்டு நட்டிலும் தடவினேன். சிலிண்டர் மாற்றும்போது கேஸ் டியூப்பில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்போமே, அதே வித்தைதான். மெல்லிய குழாயில் நுரை அப்படியே இருந்தது. தடிமனான குழாயில் ஒரு ஓரமாகக் கடுகு போல ஒரு முத்து கிளம்பி, மிளகாகி, சுண்டைக்காயாகி, உடைந்து, மறுபடி கிளம்பியது. பெண்ணைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொன்னேன்.

(நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் பால்கனியில் இருந்தால் மட்டும்! சன்ஷேடில் ஏறுவதோ, ஜன்னலுக்கு வெளியே எட்டுவதோ வேண்டவே வேண்டாம். நட்டைத் திருகக் கூடாது. மூடியைக் கழற்றவும் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர், கரண்ட் நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும்.)

குரோம்பேட்டையில் அந்தக் காலத்திலிருந்து ஃபிரிஜ் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரைப் பற்றிக் கீழ் வீட்டு மாமி சொன்னார். வீடியோவை அனுப்பினேன். சாயந்திரமே ஒரு பையனோடு வந்துவிட்டார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். "இது யாரும்மா எழுதினது?" என்று கேட்டுவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு வேலையையும் எனக்குக் காட்டிக் காட்டித்தான் செய்தார்.

மீதி இருந்த கேஸை ஒரு சிலிண்டரில் வாங்கிக்கொண்டார். குழாயில் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கியது. அந்த நட்டைக் கழற்றினார். செப்புக் குழாயின் நுனியைப் புனல் வாய் மாதிரி விரித்து நட்டுக்குள் உட்கார வைப்பார்கள். அந்த வாய் கோணலாக இருந்தது. ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. "இது எப்பம்மா கழட்டி மாட்டினது?" என்று கேட்டார்.

அப்போதுதான் கதை முழுசாகப் புரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலிருந்தே எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மழை என்றால் வயிற்றில் புளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பக்கத்துச் சந்தில் ஸ்டாண்டில் இருந்த வெளிப்பெட்டியின் கால்வரை தண்ணீர் வந்துவிட்டது. அதனால் ஜனவரியில் அதைத் தூக்கி முதல் மாடிப் பால்கனியில் வைக்கச் சொன்னோம். வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் அவசர அவசரமாக வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். அன்று கோணலாகப் போன வாய்தான் குளிர்காலம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஏப்ரலில் காட்டிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை கேஸ் போட்டு ஓட்டியபோதும் அழுத்தத்தில் வெடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கும் என்றார் பெரியவர்.

கெட்ட நுனியை வெட்டி எறிந்து, புதிதாக வாய் விரித்து, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கினார். மறுபடி நைட்ரஜன் ஏற்றி அரை மணி காத்திருந்தார். முள் அசையவில்லை. காயிலிலும் ஒழுக்கு இல்லை என்று அதே சோதனையில் தெரிந்துவிட்டது. பிறகு வாக்குவம் பம்பு வைத்துக் குழாயில் இருந்த காற்றையும் ஈரத்தையும் முக்கால் மணி நேரம் இழுத்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் போட்டிருந்தபடி 700 கிராம் கேஸ் ஏற்றினார். பொன் நிறுப்பது மாதிரி! கூடினாலும் குளிராது, குறைந்தாலும் குளிராது என்றார். முந்தின இருவரும் தராசைக் கண்ணால்கூடக் காட்டவில்லை.

மொத்தம் 3,800 ரூபாய். ராத்திரி தெர்மாமீட்டரில் வித்தியாசம் 11. பத்தாம் நாளும் 11. முப்பதாம் நாளும் 11. ஜூனில் காலேஜ் ஃபீஸ் கட்டியாயிற்று.

அந்தக் கடைக்கு நோட்டு, இரண்டு பில், வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் இவரும் போனோம். சண்டை போடவில்லை. "ஒழுக்கைப் பார்க்காம ரெண்டு தடவை கேஸ் போட்டிருக்கீங்க. இது சேவைக் குறைபாடு. 1915-க்குப் போன் பண்ணலாம்னு இருக்கேன்" என்றேன். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு 2019-ம் வருஷச் சட்டத்தின் கீழ் புகார்க் கட்டணமே கிடையாது. கடைக்காரர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு இரண்டாம் தடவை வாங்கிய 2,800-ஐத் திருப்பிக் கொடுத்தார். பில் கையில் இருந்ததால்தான் அது நடந்தது என்பதைச் சகோதரிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் விஷயத்தில் இன்னும் ஓரிரண்டு தகவல்கள். பெட்டியின் சீட்டில் என்ன கேஸ் என்று எழுதியிருக்கும். பழைய மெஷின்களில் ஆர்-22. ஓஸோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ம் வருஷ மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதை ஒழித்து வருகிறார்கள். இப்போது பெரும்பாலும் ஆர்-32. இது ஓஸோனைக் கெடுக்காது. ஆனால் லேசாகத் தீப்பற்றும். சில மெஷின்களில் ஆர்-290 வருகிறது. அது புரோபேன், நம் சமையல் கேஸின் ரத்த உறவு! ஆகவே வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஊதுபத்தி, விளக்கு, சிகரெட் கூடாது. ஒரு கேஸ் இருந்த மெஷினில் வேறு கேஸைப் போட விடாதீர்கள். காற்றில் திறந்து விடவும் அனுமதிக்காதீர்கள். ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால் அது 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். நம் அறையைக் குளிர்விக்கப் போய் ஊரைக் கொதிக்க வைப்பானேன்?

அந்தப் பெரியவர் போகிற போக்கில் ஒரு சுவாரஸ்யமான விஷயமும் சொன்னார். ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அது மெஷினின் எடை இல்லையாம். 907 கிலோ, அதாவது அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் ஐஸ், ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு இழுக்கிற சக்தி. ஐஸ் என்றதும் நம்மூர் ஐஸ் ஹவுஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1842-ல் கட்டியது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்த கட்டடம். இப்போது மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. கப்பலேறி வந்த குளிர்ச்சி இன்று பால்கனிப் பெட்டிக்குள்!

இப்போது அத்தையின் அறையில் 26 டிகிரிக்கு வைத்து, சீலிங் ஃபேனை இரண்டில் ஓட விடுகிறோம். 2020-லிருந்து ஸ்டார் போட்ட ஏ.ஸி.கள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படிதான் வருகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்று மின்சிக்கன அலுவலகம் சொல்கிறது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டினோம். இவை இரண்டும் ஏ.ஸி.யின் பாரத்தை நன்றாகவே குறைத்திருக்கின்றன.

கடைசியாக, மெக்கானிக் வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் குறைந்ததென்றால் எது வழியாகப் போயிற்று? நைட்ரஜன் வைத்து ஒழுக்குச் சோதனை செய்வீர்களா? வாக்குவம் பம்பு கொண்டு வந்திருக்கிறீர்களா? கேஸைத் தராசில் நிறுத்துப் போடுவீர்களா? செய்த வேலையைப் பில்லில் எழுதித் தருவீர்களா? ஐந்துக்கும் ஆமாம் என்று சொல்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரை, காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

அந்த நாற்பது பக்க நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. இப்போது ஒரு பக்கத்தில் அத்தையின் காலை எடை, எதிர்ப் பக்கத்தில் ஏ.ஸி.யின் வித்தியாசம் என்று எழுதி வருகிறேன். வெளியூர் போனால் இவர் எழுதுகிறார்!